கோழிக்கூடு சுவருக்குள் போன கதை

என் அப்பாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே ஒரு வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தபோது அப்பா, "வீடு இருக்கு" என்றார். சில வருடங்கள் கழித்து எனக்குப் பேசி வந்தபோதும் அதே வீட்டின் விறாந்தையில், அதே கதிரையில் இருந்துகொண்டு, "வீடு இருக்கு" என்றார். இரண்டு தரமும் அவர் பொய் சொல்லவில்லை. வீடு இருக்கத்தான் செய்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், தெருமுனையில் உள்துறைமுகத் தண்ணீர் தெரிகிற ஒரு ஒழுங்கையில் இருந்தது அது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு. நடுவில் நீளமான ஹோல், இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் சமைக்கிற குசினி, குசினியை ஒட்டி அப்பாவும் அம்மாவும் படுக்கிற சின்ன அறை. எனக்குக் கலியாணம் நிச்சயமான கிழமையே அப்பா குனிந்து ஹோலின் நடுவே கரிக்கட்டியால் ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. கோட்டின் மேல் ஒரு சுவர் வரும்.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். "குசினிக்குள்ளயும் கோடு வருமோ?"

"குசினி உம்மடை. அதில ஆரும் கை வைக்க ஏலாது" என்றார் அப்பா.

இந்தச் சுவரின் அருமை தெரிய வேண்டுமானால் இரண்டு மருமகன்மாரையும் தெரிய வேண்டும். அத்தான் சம்பூர்க்காரர். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் இயந்திரம் பார்க்கிறவர். நாள் முழுக்க இயந்திரத்துக்கு மேலாகக் கதைத்துக் கதைத்து, வீட்டில் உப்புக் கேட்டாலும் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்கள் உப்புக் கொண்டு வருவார்கள். என் கணவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிறவர். வீதியும் மதகும் கீறுவது அவருடைய வேலை. பென்சில் சீவுவது அவருடைய ஆசை. அவர் கதைத்தால் பக்கத்தில் இருக்கிற எனக்கே பாதிதான் கேட்கும். இருவரும் ஒருவரை ஒருவர் "அண்ணை", "தம்பி" என்று மிகுந்த மரியாதையோடு அழைத்தார்கள். மரியாதை அளவுக்கு மிஞ்சி இருந்ததிலேயே எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சுவருக்குக் கல் வாங்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரனின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, மிஞ்சிய சாமான்களைக் குவியல் குவியலாக ஏலம் போட்டார்கள். அப்பா அங்கே பண்டகசாலையில் வேலை செய்தவர். சாமான் அறிந்தவன் என்ற தைரியத்தில் அவர் எடுத்தவை எல்லாம் வளவுக்குள் வந்து சேர்ந்தன: கூடாரத் துணி, அடி இல்லாத பித்தளை வாளி, ஒரு கப்பல் கதவு. அந்தக் கதவுக்குப் பொருத்தமான வாசல் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. இவற்றோடு ஒரு குவியல் கல்லும் வந்தது. செங்கல்லும் இல்லை, கூரை ஓடும் இல்லை. ஓட்டு மண்ணில் பெட்டி மாதிரி வார்த்துச் சுட்டு, உள்ளே நீளத்துக்குப் பொந்துகள் விட்டிருந்தார்கள். கந்தோர் அறைகளைத் தடுக்க அவர்கள் பாவித்த கல். நாங்கள் பொந்துக்கல் என்றோம். முருங்கை மரத்தடியில் வருடக்கணக்காகக் கிடந்து, அம்மாவின் கோழிகள் பொந்துக்குள் முட்டை இடுவதற்கு மட்டும் உதவியது.

"பாத்தியளே, ஒரு நாளைக்கு உதவும் எண்டு சொன்னனான்" என்று அப்பா அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். செங்கல் பாரம், ஹோல் நிலத்துக்குக் கீழே அத்திவாரம் இல்லை, பொந்துக்கல் பஞ்சு மாதிரி. அவருடைய வாதத்தில் பிழை ஒன்றும் இல்லை.

கலியாணம் முடிந்த கையோடு மேசன் கிண்ணியாவிலிருந்து வந்தார். எங்கள் ஊரில் பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் துறையைக் கடந்து, பிறகு பஸ் ஏறி, வெற்றிலை வாயோடு வந்து இறங்குவார். முஸ்லிம்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி, நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஒரு கல் வைத்தால் ஒரு கதை சொல்லுவார். கதை நீளமாக இருந்தால் சாந்து காய்ந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கதை.

"நானா, இந்தக் கல்லில கட்டியிருக்கிறீங்களோ?" என்று அக்கா கேட்டாள்.

"நான் கட்டாத கல்லு எங்க தங்கச்சி இரிக்கி?" என்றார் நானா. பிறகுதான் தெரிந்தது, அன்றுதான் அவர் அந்தக் கல்லை முதன்முதலாகக் கையில் எடுத்தாராம்.

கட்டுவதற்கு முன்பே என் கணவர் சுவருக்கு ஒரு படம் கீறினார். அழகான படம். சுவரின் உயரம் விளங்குவதற்காகப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதனையும் கீறியிருந்தார். கதவு மட்டும் இல்லை.

"கதவு எங்க?" என்று கேட்டேன்.

"சுவர் எதுக்கு? பிரிக்கத்தானே. கதவு வைச்சால் எங்க பிரியிறது?" என்றார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அத்தானும் அதையே கொஞ்சம் உரத்துச் சொன்னாராம். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆனால் அக்காவுக்கும் எனக்கும் கறி மாற வேண்டும், சீலை மாற வேண்டும், ஊர்க்கதை பேச வேண்டும். அதற்கு வீதியைச் சுற்றிப் போக ஏலுமா? நாங்கள் அப்பாவிடம் போனோம். அப்பா தொப்பிக்காரனுக்குப் பக்கத்தில் தன் கையால் ஒரு கதவைக் கீறிவிட்டார். கதவு கொஞ்சம் சரிவாக வந்தது. இவர், என் கணவர், அன்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனார்.

சுவர் எழும்பியது. ஒற்றைக் கல் கனம், ஹோலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, நடுவில் பலகைக் கதவு. மேலே வெள்ளை அடித்ததும் கந்தோர்க் களை வந்துவிட்டது. அப்பா தூரத்தில் நின்று பார்த்தார், கிட்ட நின்று பார்த்தார், கதிரையைப் போட்டு இருந்தும் பார்த்தார்.

சுவர் எழும்பி ஒரு மாதம் போயிருக்காது, கதவு மூலையிலிருந்து ஒரு வெடிப்பு மேலே ஏறத் தொடங்கியது. கல் வெடிக்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து வழியாகப் படிப்படியாக, ஏணியில் ஏறுவதுபோல ஏறியது. காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். அத்தானோ கதவைக் கதவாகச் சாத்தாமல், படகின் இயந்திர அறை மூடியைச் சாத்துகிற மாதிரிச் சாத்துவார். ஒவ்வொரு தரமும் எங்கள் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த கலண்டர் துள்ளும். இவர் எழுந்து போய், வெடிப்புக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு பென்சில் கோடு கீறிவிட்டு வருவார். அடுத்த நாள் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். டொக்டர் நாடி பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "கூடியிருக்கு" என்பார்.

"ஒருக்கா அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் பெரியவர்."

அக்காவிடம் சொன்னேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். "காத்துச் சாத்தினதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று அத்தான் கேட்டது சுவரைக் கடந்து எங்களுக்கே நேரடியாகக் கேட்டது.

அந்த நிலையில்தான் அக்காவின் மகளுக்குக் காது குத்து வந்தது. சம்பூரிலிருந்து அத்தானின் ஆட்கள் மூதூரிலிருந்து வருகிற லோஞ்ச் படகில் திரளாக வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். அத்தான் இவரைக் கூப்பிட்ட விதம் இவருக்குப் பிடிக்கவில்லை. கதவடியில் நின்று, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை காது குத்து, தெரியும்தானே" என்றாராம்.

"தெரியுமோ எண்டுதானே கேட்டவர். வாங்கோ எண்டு சொல்லேல்லையே" என்றார் இவர்.

"ஒரே வீட்டுக்குள்ள இருக்கிறவையை எப்பிடிக் கூப்பிடுறது? வெத்திலை வைச்சோ?"

"வைச்சால் என்ன?"

நான் தனியாகப் போய், இவருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அக்காவுக்கு விஷயம் தெரியும். பந்தி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு தட்டில் வடையும் பாயாசமும் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடி, கதவால் உள்ளே நீட்டிவிட்டாள். உள்ளே இருந்து ஒரு கை வந்து தட்டை வாங்கிக்கொண்டது என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் சுவர் ஓரமாகப் பாய் விரித்து இருந்தோம். அத்தானின் பெரியம்மா நல்ல உடம்புக்காரி, நல்ல சிரிப்புக்காரியும். கால்களை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, லோஞ்சில் யாரோ வாந்தி எடுத்த கதையைச் சொல்லிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் சாய்ந்திருந்தவர்களும் குலுங்கினார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் கறகறவென்று ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் தலைக்கு மேலே இருந்த கல் வரிசைகள் அவசரமே இல்லாமல் என் வீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. பிறகு ஒரே புழுதி.

முதுகுக்குப் பின்னால் இருந்த வரிசைகள் அப்படியே நின்றதால் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. புழுதி அடங்கியதும் பெண்கள் எழுந்து, மிஞ்சிய சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். விழுந்த கற்களுக்கு எட்டாத தூரத்தில், கதவு நிலைக்கு மற்றப் பக்கத்தில், ஒரு கதிரையில் என் கணவர் இருந்தார். சாரமும் பனியனும். மடியில் தட்டு. கையில் பாதி வடை. எங்கள் கதை காதில் விழட்டும் என்று கதிரையைச் சுவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டிருந்ததும் எல்லாருக்கும் தெரிந்தது.

பெரியம்மாதான் கேட்டார்.

"தம்பிக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவை."

"இப்பதான் கொஞ்சம் விட்டது" என்றார் இவர்.

"காய்ச்சலுக்கு வடை நல்லம்" என்றார் பெரியம்மா. "இன்னும் ரெண்டு குடுங்கோ பிள்ளை."

சுவர் விழுந்த பிறகு ஒரு புதுமை நடந்தது. அது விழும் என்று எல்லாரும் முன்பே சொல்லியிருந்தார்களாம். அப்பா அப்பவே சொன்னாராம். நானா அப்பவே சொன்னாராம். கதவு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று இவர் படத்திலேயே காட்டினாராம். அத்தானோ, ஆட்கள் சாயக்கூட ஏலாத சுவருக்குப் பெயர் சுவரா என்று ஊருக்கே கேட்கக் கேட்டார். அதோடு மருமகன்மார் இருவரும் கதைப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இடையில் இடுப்பளவு இடிசுவர்தான். கையை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொடலாம். ஆனாலும் அத்தான் அக்காவிடம் சொல்ல, அக்கா என்னிடம் சொல்ல, நான் இவரிடம் சொல்ல வேண்டும். இவர் தலையாட்டுவார், அத்தானுக்கு அது நேராகவே தெரியும், இருந்தாலும் பதில் நான், அக்கா என்று சுற்றித்தான் போக வேண்டும். வெட்கம் தாங்காமல் அம்மா அப்பாவின் கூடாரத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்.

நானா வந்து இடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கல்லில் ஒட்டியிருந்த சாந்தை விரலால் நசுக்கினார். மா மாதிரி உதிர்ந்தது.

"கடல் மண்ணு" என்றார். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கடற்கரை மண் சும்மா கிடைக்கிறது என்று ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"மண்ணு மட்டுமில்ல ஐயா. பொந்துக்கல்லில சாந்து பிடிக்கிற இடம் கொஞ்சம். ஒவ்வொரு கல்லும் தன்ரபாட்டில நிண்டிரிக்கி. ஒண்டை ஒண்டு பிடிக்கிறதுக்கு நடுவில இரும்பு ஓடோணும். அதிலயும் கதவு வைச்ச சுவரு."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"முதல்ல விழல்லியே" என்றார் நானா.

இரும்பு போட வேண்டும் என்று சொல்வது சுகம். அப்போது கடைகளில் ஆணியே தேடித்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். நானா எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்த கம்பி சாந்தை விடத் தடிப்பாக இருந்தது. அதை வைத்தால் மேல் கல் இருக்காது. அத்தான் ஒரு நாள் படகில் கழித்துவிட்ட கம்பிக்கயிற்றைக் கொண்டுவந்து, புரி பிரித்து, ஒவ்வொரு கம்பியாக எடுத்துத் தந்தார். நல்ல உருக்கு. நானா அதை நீட்டிப் பிடித்துச் சாந்துக்குள் அமுக்கி, மேலே ஒரு வரிசை கல் வைத்து, தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கம்பிகள் தங்கள் பழைய சுருளை நினைத்துக்கொண்டு எழும்பியிருந்தன. கற்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. இவர் திரையின் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சிரித்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று பின்னேரம் அவர் இரண்டு பென்சில் சீவினார்.

வழியைக் கண்டுபிடித்தது அக்கா. உடைந்த கல்லுக்குப் பதிலாகக் குவியலின் அடியிலிருந்து வேறு கற்கள் எடுத்து நாங்கள் இருவரும் கழுவிக்கொண்டிருந்தோம். அடியில் கிடந்தவை முன்பு எங்கேயோ கட்டி உடைத்த கற்கள். அவற்றில் பழைய சாந்து கல்லாக இறுகிக் கிடந்தது. அக்கா ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"இஞ்சை பார். பூக்கோலம் மாதிரி இருக்கு."

சாந்தின் மேல் வரிசை வரிசையாகச் சாய்சதுரங்கள் பதிந்திருந்தன. ஒரு மூலையில் கறுப்புத் தகட்டுத் துண்டு ஒன்று சாந்துக்குள் சிக்கியிருந்தது. அதே சாய்சதுரங்களை வேறு எங்கேயோ தினமும் பார்க்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அம்மாவின் கோழிக்கூட்டைப் பார்த்தோம்.

அந்தக் கூடு அப்பா செய்தது. கற்குவியலோடு சேர்த்து ஏலத்தில் ஒரு சுருளும் வந்திருந்தது. மூன்று விரல் அகலமான மெல்லிய இரும்புப் பட்டி. தகட்டைக் கீறி இழுத்து வலைபோல ஆக்கி, தார் பூசிச் சுற்றியிருந்தார்கள். அது கோழிக்கூட்டுக்கு என்று தீர்மானித்த அப்பா, மரச் சட்டத்தில் பட்டி பட்டியாக ஆணி அடித்துக் கூடு கட்டிக் கொடுத்தார். கீரி, மரநாய் ஒன்றும் உள்ளே போகாது. அம்மா அந்தக் கூட்டைப் பற்றி மட்டும் அப்பாவை எப்போதும் மெச்சுவார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். அவர் கல்லைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், திரும்பவும் கல்லைப் பார்த்தார்.

"நான் எத்தினை வரியமாய் இந்தச் சுருளை எடுத்துக் குடுத்தனான்" என்றார் மெல்ல. "மேசன்மார் வந்து வாங்கிக்கொண்டு போவினம். வெள்ளைக்காரனுக்குக் கோழியில இவ்வளவு விருப்பமோ எண்டு நினைச்சனான்."

அக்கா கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தாள்.

அடுத்த வேலை அம்மாவிடம் கூட்டைக் கேட்பது. அதற்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாருமாகப் போனோம். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப கோழி எங்கை படுக்கிறது?"

"ரெண்டு நாளைக்குப் பெட்டியில..." என்று அப்பா தொடங்கினார்.

"புதுக்கூடு வரட்டும். பிறகு இதைப் பிரியுங்கோ. அதையும் நீங்கள் செய்யவேண்டாம். உங்கடை மருமக்கள் செய்யட்டும். ரெண்டு பேரும் சேந்து."

"ரெண்டு பேரும் கதைக்கிறதில்லையே" என்றேன்.

"கூடு கட்டக் கதை எதுக்கு?" என்றார் அம்மா. துருவலை நிறுத்தவே இல்லை.

சனிக்கிழமை காலையில் இருவரும் வளவுக்குள் இறங்கினார்கள். அக்காவும் நானும் குசினி யன்னலில் நின்றோம். முதலில் இவர் ஒரு படத்தை விரித்தார். அத்தான் அதைப் பார்க்காமல் பலகையை அறுத்தார். அறுத்த பலகை கட்டையாகிவிட்டது. இவர் படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டார். அத்தான் இன்னொரு பலகையை எடுத்தார். பிறகு அத்தான் சுத்தியலைப் பிடித்த விதத்தை இவர் பார்த்தார். இவர் அடித்த ஆணி வளைந்ததை அத்தான் பார்த்தார். ஆணியைப் பிடுங்கி, நிமிர்த்தி, "இப்பிடிப் பிடியுங்கோ தம்பி" என்று அத்தான் சொன்னது, அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதலாவது மெல்லிய பேச்சு. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது இருவரும் சேர்ந்து அப்பாவின் பழைய கூட்டில் குறை கண்டுகொண்டிருந்தார்கள்.

கூடு பின்னேரம் முடிந்தது. பழைய தகரம், கப்பல் பலகை, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, திருகு போட்ட கதவு. யானை குட்டி போட்டால் அடைக்கலாம். கோழிகள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முருங்கை மரத்தில் ஏறிவிட்டன. அவை உள்ளே போகச் சம்மதிக்க ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. அதுவரை விடிந்தால் இரண்டு மூன்று இடிசுவர் மேல் வந்து நிற்கும். ஒன்று இவருடைய படம் வரைகிற மேசையில் முட்டையும் இட்டது.

நானா இந்த முறை ஆற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உப்பு மண் இரும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும் என்றார். மணல் லொறியில் வந்தது. பழைய சுவரை அடிவரை பிரித்தோம். அக்காவும் நானும் கற்களைத் தண்ணீரில் ஊற வைத்தோம். காய்ந்த கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைப் பிடிக்க விடாதாம். இரண்டு வரிசைக்கு ஒரு தரம் வலைப்பட்டி போனது. கல்லின் மேல் வெறுமனே பட்டியை வைத்தால் போதாது. முதலில் சாந்து, சாந்துக்குள் பட்டியை அமுக்கி, மேலே திரும்பவும் சாந்து. சாய்சதுர ஓட்டைகளுக்குள்ளால் கீழ்ச் சாந்தும் மேல் சாந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அமுக்குகிற வேலை எனக்கு வந்தது. நானாவின் விரல் தடிப்பு, என் விரல் மெல்லிசு என்பது அவர் சொன்ன காரணம். கதை சொல்லக் கை இரண்டும் வேண்டும் என்பது உண்மையான காரணம்.

துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஒரு முழம் ஏறியிருக்க விட்டோம். இரண்டு கோடியிலும் பழைய சுவரைக் கொத்திப் பள்ளம் செய்து, பட்டியின் நுனியை உள்ளே விட்டுப் பூசினோம். கதவு நிலையின் இரு பக்கமும் பட்டியை மடித்து மரத்தில் அறைந்தது அத்தான். கதவுக்கு மேலே, வெடிப்பு தொடங்கிய மூலைகளைத் தாண்டி இரண்டு பக்கமும் நீளமாக ஓடவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னது இவர். ஒரு பட்டியில் ஒரு கோழியிறகு ஒட்டியிருந்தது. எடுக்கப் போனேன்.

"விடு தங்கச்சி, அதுவும் ஒரு பிடிமானம்தான்" என்றார் நானா.

இம்முறை கதவு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவு நிலையில் அத்தான் கயிற்றுத் துண்டு ஒன்றை அறைந்தார், படகுகள் துறையில் மோதாமல் கட்டுகிற மாதிரி. சுவர் காய்ந்து வெள்ளை அடித்த பிறகு அவர் கதவைத் தன் பழைய பாணியில் ஒருமுறை சாத்திப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கலண்டர் அசையவில்லை. இவர் ஒரு பென்சிலோடு ஆயத்தமாக நின்றார். கீறுவதற்கு ஒன்றும் இல்லாததால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அப்பா அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "உள்ளுக்கு வலைப்பட்டி ஓடுது. வெள்ளைக்காரன்ரை முறை. நான் அந்த நாளிலேயே சாமானை எடுத்து வைச்சிட்டன்" என்பார். இடையில் அது எங்கே இருந்தது என்பதைச் சொல்லமாட்டார். சொல்வதற்கு அம்மா இருந்தார்.

சம்பூர்ப் பெரியம்மாவும் அடுத்த வருடம் வந்தார். சாயச் சொல்லி அக்கா எவ்வளவோ கேட்டாள். அத்தான் கையால் குத்திக் காட்டினார். பெரியம்மா அசையவில்லை.

"நல்ல சுவர்தான் ராசா. நான் இஞ்சை நடுவிலயே இருக்கிறன்" என்று ஹோலின் நடுவில், எந்தச் சுவரும் எட்டாத இடமாகப் பார்த்து இருந்துகொண்டார்.

அந்த வருடக் கடைசியில் எனக்குப் பிரசவ வலி கண்டது. பகல் நேரம். இவர் கந்தோரில். அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எழுந்து கதவுக்குப் போக முடியாமல் சுவரில் கையால் தட்டினேன். பொந்துக்கல் மத்தளம் மாதிரிக் கேட்கும். அக்கா மாவுக்கையோடு ஓடிவந்தாள். அன்று ஓய்வில் படுத்திருந்த அத்தான் எழும்பி, சட்டையை மாறிப் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்ற காரைக் கூட்டிவந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிறகு இவருடைய கந்தோருக்குப் போய், வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாராம். அவர் தொண்டையைத் திறந்ததில் மேல்மாடியில் இருந்த பெரிய ஐயாவே இறங்கி வந்து, "போம் போம், லீவு பிறகு எழுதலாம்" என்று இவரை அனுப்பிவிட்டாராம்.

பின்னேரம் வரை இருவரும் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரே வாங்குப் பலகையில் இருந்திருக்கிறார்கள். அங்கே நின்ற அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் தேத்தண்ணி வாங்கி வந்து ஒன்றை அத்தானிடம் நீட்டினாராம். அத்தான் தன் கைலேஞ்சியை எடுத்து இவரிடம் கொடுத்தாராம். இவருக்கு முகம் முழுக்க வியர்த்திருந்ததாம். அப்போது தாதி ஒருத்தி கதவைத் திறந்து, "பொம்பிளைப் பிள்ளை. தகப்பன் ஆர்?" என்று கேட்டாள்.

இருவரும் எழுந்து நின்றார்களாம்.

தாதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாளாம். அத்தான்தான் முதலில் சுதாரித்து, "இவர்தான், இவர்தான்" என்று இவரை முன்னுக்குத் தள்ளிவிட்டார். தன் சட்டைப் பொத்தான்களை மேலும் கீழுமாக மாறிப் பூட்டியிருந்ததை அப்போதுதான் கண்டு, திரும்பி நின்று சரிசெய்தாராம்.